அண்ணி திருப்பிப் போட்ட தாள்கள்

எங்கள் ஆலையில் அண்ணியைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கண்ணாடி போட்டவர் இல்லை. ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் இன்றைக்கும் வீட்டில் அவரிடம்தான் நீட்டுவோம். வெனீர் தாள்களை ஜோடி சேர்ப்பது அவர் வேலை. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு தாள்களில் மேலே இருப்பதைப் புத்தகத்தைத் திறப்பதுபோலத் திருப்பிப் பக்கத்தில் வைப்பார். இந்தத் தாளில் வளைந்து வரும் ரேகை அந்தத் தாளில் அப்படியே எதிர்ப்பக்கம் வளைந்து போகும். நடுவில் யாரோ கண்ணாடியை நிறுத்தியதுபோல இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

வெனீர் என்பது வேறொன்றுமில்லை, மரத்தைத் தாளாகச் சீவி எடுப்பதுதான். வெட்டிவந்த மரத்தடியை அப்படியே கத்திக்குக் கொடுக்க முடியாது, பிளந்துவிடும். பட்டையை உரித்து, நீளவாக்கில் இரண்டாக அறுத்து, கொதிக்கிற தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். கொட்டகை முழுக்கக் கஷாயம் காய்ச்சுகிற வாசனை அடிக்கும். ஊறி இளகிய தடியை இயந்திரத்தில் பூட்டிவிட்டால் அது மேலும் கீழும் போய்வரும். ஒவ்வொரு முறையும் ஆள் உயரத்துக்கு மேல் நீளமுள்ள கத்தி ஒரு தாளைச் சீவித் தள்ளும். நகத்தின் கனம்கூட இருக்காது. சூடும் ஈரமுமாக வழுக்கிக்கொண்டு வரும் அதை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து அடுக்கவேண்டும். அதில் ஒரு முனை எப்போதும் என்னுடையது.

அடுக்கு மட்டும் கலையவே கூடாது. சீவிய வரிசையில் இருந்தால்தான் அடுத்தடுத்த தாள்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அதற்காகக் கட்டின் பக்கவாட்டில் சாய்வாகச் சாக்குக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிடுவோம். கட்டு சரிந்து கலைந்தாலும் கோடு சேரும்படி அடுக்கினால் மரம் பழையபடி ஆகிவிடும். காயவைத்து, ஓரம் வெட்டி, அப்புறம் அந்தக் கட்டு அண்ணியின் மேஜைக்குப் போகும். அவர் ஜோடி சேர்த்து, பசைத்தாளை நனைத்து மூட்டில் ஒட்டிக் கொடுப்பார். அதைப் பலகைமேல் பசை தடவிப் போட்டு, சூடான பிரஸ்ஸில் அழுத்தினால் முடிந்தது. உள்ளே மரத்தூளும் சில்லும் சேர்த்து அழுத்திய மட்டமான பலகைதான். வெளியே பார்த்தால் ராஜா வீட்டுக் கதவு.

"உள்ள என்ன இருக்குன்னு யாரும் கேக்கக் கூடாது" என்பார் அண்ணி. "கிழிஞ்ச பனியனுக்கு மேல இஸ்திரி போட்ட சட்டை மாதிரி."

அவர் ஆலைக்கு வந்தது கூட்டிப் பெருக்கத்தான். அவருடைய அப்பா தடி ஏற்றும் லாரி ஓட்டினார். லாரியிலிருந்து ஒருநாள் மகளையும் இறக்கிவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். பெருக்கின குப்பையில் கிடக்கும் துண்டுத் தாள்களைச் சாப்பாட்டு இடைவேளையில் தரையில் பரப்பி ஜோடி தேடிக்கொண்டிருப்பாராம். அதைப் பார்த்த பழைய சூப்பர்வைசர், "குப்பைக்குக் கல்யாணம் பண்ணி வெச்சது போதும், மேஜைக்கு வா" என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். அதற்குப் பிறகு அண்ணி அந்த மேஜையை விடவில்லை. யாரையும் விட்டும் வைக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரி மூட்டு ஒரு மயிரிழை விலகினாலும், "என்னடி, ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டுத் தனித்தனியாப் படுத்திருக்கு?" என்பார். வாய்தான் அப்படி. அந்த மூட்டைப் பிரித்துச் சரி பண்ணிக் கொடுப்பதும் அவரேதான்.

என் அண்ணன் அதற்கு நேர் எதிர். இரண்டு தெரு தள்ளி இருக்கும் தச்சுப் பட்டறையில் பாலிஷ்காரர். விரல் நகமெல்லாம் எப்போதும் பழுப்பாக இருக்கும். துணியைப் பந்தாகச் சுருட்டி, மெழுகையும் அரக்கையும் தொட்டுத் தேய்த்தால் மரத்துக்குள்ளே விளக்கு ஏற்றியதுபோலாகும். பேச்சு மட்டும் வராது. "உங்க அண்ணன் வாய்க்கு யாரோ வார்னிஷ் அடிச்சிட்டுக் காயறதுக்குள்ள மூடிட்டாங்க" என்பார் அண்ணி. அண்ணன் அதற்கும் சிரிப்பதோடு சரி.

ஒருநாள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அண்ணனே பேசினார். பட்டறைக்கு ஒரு பெரிய வேலை வந்திருந்தது. ஓர் அலுவலகத்தின் கூட்ட அறையில் வாசலிலிருந்து ஜன்னல்வரை ஒரு முழுச் சுவருக்கு வெனீர் போர்த்தவேண்டும். அண்ணன் இதுவரை மேஜையும் அலமாரியும்தான் செய்திருக்கிறார். இவ்வளவு நீளச் சுவர் இதுதான் முதல். தாள்கள் எங்கள் ஆலையிலிருந்து போகவேண்டும்.

"படுக்கை வாட்டத்துல, ஒண்ணுக்கு மேல ஒண்ணா வரும்" என்றார் அண்ணன். "திருப்ப வேண்டாம், அப்படியே நகர்த்தி நகர்த்தி வெச்சாப் போதும்னு முதலாளி உங்கிட்டச் சொல்லச் சொன்னாரு."

அண்ணி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். "நகர்த்தி வைக்கறதா? அதுக்கு நான் எதுக்கு? சீட்டுக்கட்டு பிரிக்கத் தெரிஞ்ச யாரை வேணா உக்கார வைக்கலாமே."

"அவரு சொன்னதைச் சொன்னேன்."

"உங்க முதலாளிக்குப் பலகை தெரியும், அழகு தெரியாது. ஜோடி போட்டு அனுப்பறேன். பார்த்துட்டு வாயைப் பொளப்பாரு."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்புறம் தண்ணீர் குடித்தார். பேச்சு அதோடு முடிந்தது.

அண்ணி அந்தக் கட்டுக்கு உயிரைக் கொடுத்து உழைத்தார். நேர்நேராகக் கோடு ஓடுகிற மரம். ஒன்று விட்டு ஒன்று திருப்பித் திருப்பிச் சேர்த்ததில் கோடுகள் மூட்டில் முத்தமிட்டுக்கொண்டு நின்றன. பக்கத்து மேஜைக்காரியே எழுந்துவந்து பார்த்தாள். பட்டறையில் பலகைகளைத் தரையில் படுக்கவைத்து அண்ணன் பாலிஷ் போட்டபோதும் எல்லாம் நன்றாகத்தான் இருந்ததாம்.

சுவரில் மாட்டிய பிறகுதான் வினை வந்தது. ஒரு பட்டை கருப்பாக, அடுத்த பட்டை வெளுப்பாக, மறுபடி கருப்பாகத் தெரிந்தது. அலுவலகத்தின் பெரியவர், "மரம் கேட்டேன், வரிக்குதிரை கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்க" என்றாராம். சாயம் ஒரே சீராக ஏறவில்லை, பாலிஷ்காரன் கை சரியில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். தூசி பரவாமலிருக்க அறைக்கு நடுவே பிளாஸ்டிக் திரையைக் கட்டிக்கொண்டு, போட்ட பாலிஷையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். வாசல் பக்கம் நின்று பார்த்துப் பார்த்து, வெளுத்த பட்டைகளுக்கெல்லாம் கூடுதல் சாயம் கொடுத்தார். வாசலிலிருந்து பார்த்தால் ஒரே நிறம். நிம்மதியாகத் திரையை அவிழ்த்தார். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்காருகிற பெரியவர் பார்த்துவிட்டு, முன்னைவிட மோசம் என்றார்.

அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரைத் தூக்கி நடுங்குகிறதா என்று பார்ப்பார். தெருவில் துணி காய்ந்தால் அது என்ன நிறம் என்று என்னிடம் மெல்லக் கேட்பார். நான் சொல்வதும் அவர் நினைத்ததும் ஒன்றாக இருந்தாலும் முகம் தெளியாது.

"கண்ணு கெட்டுப்போச்சோ, கை கெட்டுப்போச்சோ தெரியல" என்றார் ஒருநாள். "வாசல்ல நின்னா நல்லா இருக்கு. ஜன்னல் வெளிச்சத்துல என் குறையெல்லாம் வெளிய வந்துடுது."

"அந்தச் சாயக்கடைக்காரன் கலப்படம் பண்ணியிருப்பான்" என்றார் அண்ணி. "எதுக்கெடுத்தாலும் உங்க தலையிலயே மண்ணை வாரிப் போட்டுக்காதீங்க." அண்ணிக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது. அவர் அந்தச் சுவரைப் பார்த்திருக்கவில்லை. ஆலையில் இருக்கிற நாங்கள் யாரும் எங்கள் தாள் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்ததில்லை. கட்டு லாரியில் ஏறிவிட்டால் எங்களுக்கும் அதற்கும் உறவு முடிந்தது.

பட்டறை முதலாளி கடைசியாக ஒன்று சொல்லியனுப்பினார். விடுமுறை நாளில் சுவரை இன்னொரு தடவை தேய்த்துவைக்க வேண்டும். மறுநாள் வெளியிலிருந்து ஸ்பிரே அடிக்கிறவர்கள் வந்து நிறம் போடுவார்கள். இனிமேல் பட்டறையில் பாலிஷும் அவர்களே. அண்ணனுக்குத் தேய்க்கிற வேலை மட்டும்தான். ஒரே ஆளால் ஒரு நாளில் அந்தச் சுவரைத் தேய்த்து முடிக்க முடியாது. அதனால் நானும் அண்ணியும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு அண்ணனோடு கிளம்பினோம்.

அலுவலகத்தில் காவல்காரரைத் தவிர யாரும் இல்லை. கூட்ட அறையில் நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அண்ணி செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைவதுபோல நுழைந்தார். சுவரைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இது நம்ம தாளா?" என்று என்னிடம் கேட்டார். கிட்டே போய் மூட்டை விரலால் தேடினார். கிடைக்கவில்லை. "பசைத்தாள் ஒட்டின தடம்கூட இல்ல பாரேன். இவ்வளவு அழகா வருமா இது?" வாசலிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். கடைசிவரை போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

முகத்தில் இருந்த சிரிப்பு அங்கேயே அணைந்தது. மறுபடி வாசலுக்கு வந்தார். மறுபடி ஜன்னலுக்குப் போனார்.

"என்ன அண்ணி, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

நானும் போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாசலில் ஒரே நிறமாக இருந்த சுவர் இங்கிருந்து கன்னங்கரேலென்று ஒரு பட்டையும் பளீரென்று ஒரு பட்டையுமாகக் கிடந்தது. அண்ணி எந்தத் தாள்களைத் திருப்பினாரோ அவையெல்லாம் ஒரு நிறம். திருப்பாதவையெல்லாம் இன்னொரு நிறம்.

அண்ணன் தரையில் உட்கார்ந்து உப்புத்தாளைக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தார். "பார்த்து மெதுவாத் தேய்க்கணும்" என்றார் எங்களைப் பார்க்காமலே. "ஏற்கெனவே ஒரு தடவை தேய்ச்சாச்சு. தாள்ல கனமே இல்ல. கொஞ்சம் அழுத்தினா உள்பலகை எட்டிப் பார்த்துடும். அப்புறம் ஸ்பிரேகாரனும் ஒண்ணும் பண்ண முடியாது."

அண்ணி அவருக்கு எதிரில் போய் உட்கார்ந்தார். ஓர் உப்புத்தாளை எடுத்து நான்காக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். அவருக்கு என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. சுவரைத் தேய்த்து, ஸ்பிரே நிறமும் ஏறிவிட்டால் தடயம் எதுவும் இருக்காது. கெட்ட பெயர் ஏற்கெனவே ஒருவர் பெயரில் எழுதியாகிவிட்டது. வாயைத் திறந்தால் அவருடைய மேஜை போகும்.

"என் கை எனக்கே புரியல" என்றார் அண்ணன், தாளை மடித்தபடி. "வேற யாரோட கையோ மாதிரி இருக்கு."

அண்ணி எழுந்தார். மூலையில் பாலிஷ் போடாத மீதித் துண்டு ஒன்று சாத்தியிருந்தது. இரண்டே பட்டை, ஒரு மூட்டு. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் துணியை நனைத்து அதைத் துடைத்தார். ஈரம் பட்டதும் மேல்பட்டை கருத்தது, கீழ்ப்பட்டை மின்னியது.

"இங்க பாருங்க."

அண்ணன் நிமிர்ந்தார்.

"எது கருப்பு?"

"மேல இருக்கறது."

அண்ணி துண்டைத் தலைகீழாகச் சுற்றிப் பிடித்தார். கருப்பாக இருந்த பட்டை இப்போது கீழே வந்தது. அது மின்னியது. மின்னிக்கொண்டிருந்தது மேலே போய்க் கருத்தது.

"இப்போ?"

அண்ணன் துண்டை வாங்கி அவரே சுற்றினார். திரும்பச் சுற்றினார்.

"இதுல சாயம் இல்ல, பாலிஷ் இல்ல, வெறும் தண்ணி" என்றார் அண்ணி. "இதுல உங்க கை எங்க இருக்கு? இந்த மரத்துல நார் ஒரு பக்கமாச் சாஞ்சு கிடக்கு. பூனை முதுகு மாதிரி. இந்தப் பக்கம் பார்த்தாப் பளபளங்கும், அந்தப் பக்கம் பார்த்தா மங்கும். எல்லாத் தாளையும் ஒரே வாட்டத்துல வெச்சிருந்தா ஒண்ணும் தெரியாது. நான் ஒண்ணு விட்டு ஒண்ணு திருப்பிட்டேன்."

அண்ணன் ஜன்னலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தார். வாசலுக்கு வந்து பார்த்தார். அப்புறம் துணி போர்த்திய நாற்காலி ஒன்றில் அப்படியே உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ கை போகல" என்றார்.

"போகல."

"கண்ணும் போகல."

"எதுவும் போகல. என் கொழுப்புதான் கூடிப்போச்சு."

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் முகம் மாறியது. "திருப்ப வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?" என்றார். அண்ணன் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "டம்ளரைத் தூக்கக்கூடப் பயந்துக்கிட்டு இருந்தேன்டி நான்!"

"சொன்னீங்க" என்றார் அண்ணி. எதிர்வார்த்தை இல்லாமல் அவர் நின்றதும் அதுதான் முதல் தடவை.

கோபம் அண்ணனிடம் ரொம்ப நேரம் தங்காது. சாப்பாட்டைப் பிரிக்கும்போது, "இதை வெளிய சொல்ல வேண்டாம்" என்றார். "எனக்கு இப்போ தெரிஞ்சு போச்சு, அது போதும். மரம் அப்படின்னு மட்டும் சொல்லிக்கலாம். உன் மேஜை போனா நீ தாங்க மாட்டே."

"உங்க கை போச்சுன்னு நாலு பேரு சொல்லுவாங்க, நான் கேட்டுக்கிட்டே சாப்பிட்டு எழுந்திருக்கணுமா?" என்றார் அண்ணி. "முதல்ல அந்த உப்புத்தாளை எல்லாம் பையில போடுங்க. சுவரை யாரும் தொடக் கூடாது."

மறுநாள் காலை மூவரும் பட்டறைக்குப் போனோம். அண்ணி அந்த ஈரத்துண்டு வேலையை முதலாளிக்கும் செய்து காட்டினார். முதலாளி அண்ணனைப் பார்த்தார். "நான் சொல்லித்தானே அனுப்பினேன்? நீ வீட்டுல சொல்லலையா?"

"சொன்னேன் முதலாளி. ஆலையில மெஷின் சத்தம், சரியாக் காதுல விழாம…"

"சத்தம் எதுவும் இல்லைங்க" என்றார் அண்ணி. "வீட்டுல வெச்சுத்தான் சொன்னாரு. பரிமாறிக்கிட்டே கேட்டேன். நல்லாவே கேட்டுச்சு. உங்களுக்கு அழகு தெரியாதுன்னு சொல்லிட்டு நான்தான் திருப்பினேன்."

முதலாளிக்குத் திட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஸ்பிரேகாரர்களை வரவேண்டாம் என்று போன் பண்ணினார். பலகைகளைக் கழற்றினார்கள். வேறு தடி சீவி, நகர்த்தி வைத்த தாள்களோடு சுவர் மறுபடி எழுந்தது. பாலிஷ் அண்ணன்தான். கழற்றிய பலகைகளைப் பட்டறையில் துண்டுபோட்டு, அலமாரிகளுக்குள் தட்டுகளாக மாட்டிவிட்டார்கள்.

அண்ணியின் மேஜை போனது. ஆலைக்கு விஷயம் வந்ததும் சூப்பர்வைசர் அவரைக் கத்திப் பக்கம் மாற்றிவிட்டார். என் எதிர்முனையில் நின்று ஈரத்தாள் பிடிக்கிற வேலை. மேஜையில் பக்கத்து மேஜைக்காரி உட்கார்ந்தாள். முதல் சில நாள் அண்ணிக்குச் சூடு பழகாமல் உள்ளங்கை சிவந்துபோனது. "என்ன கண்ணாடி, ஆவி படிஞ்சிருச்சா?" என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். அண்ணி, "துடைச்சுவிட ஆள் இருக்கு, நீ போ" என்பார். ஆனால் வீட்டுக்கு வந்தால் பேச்சு குறைந்துவிட்டது. அண்ணன் கையை வைத்துக்கொண்டு தவித்ததுபோல இவர் தன் வாயை வைத்துக்கொண்டு தவிக்கிறார் என்று எனக்குப் பட்டது. இத்தனை வருஷம் தெரியும் என்று நினைத்த ஒன்று பாதிதான் தெரிந்திருந்தது என்றால், மீதிப் பாதியை எங்கே போய்த் தேடுவது? தாள் பிடிக்கும்போது சில சமயம் அதை ஜன்னல் பக்கம் சாய்த்து, என் பக்கம் சாய்த்துப் பார்ப்பார். அடுத்த தாள் வந்து கையில் இடிக்கும்.

ஒருநாள் சூப்பர்வைசர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். அலையலையாக ரேகை ஓடுகிற தடி ஒன்று சீவியாகியிருந்தது. ஒரு நூலகத்தின் கதவுகளுக்கும் எதிர்ச்சுவருக்கும் போகவேண்டிய தாள். பக்கத்து மேஜைக்காரி, தன்னால் ஆகாது, கண்ணாடியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டாளாம்.

"வா, வந்து பழையபடி உக்காரு" என்றார்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு போனார். கட்டைத் தொடவில்லை. "எந்த இடத்துல மாட்டப்போறாங்க? ஜன்னல் எந்தப் பக்கம்? உக்கார்றவங்க எங்க உக்காருவாங்க?"

"ஏம்மா, தாள் ஒட்டக் கூப்பிட்டா மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கற மாதிரி விசாரிக்கறியே."

"விசாரிக்காமக் கட்டிக்கொடுத்துத்தானே இங்க வந்து நிக்கறேன்" என்றார் அண்ணி. "பட்டறையில கேட்டுச் சொல்லச் சொல்றேன். அதுவரைக்கும் கட்டு அப்படியே இருக்கட்டும்."

கேட்டுச் சொல்லும் வேலை அண்ணனுக்கு வந்தது. மறுநாள் அவர் அந்த நூலகத்துக்கே போய்விட்டு வந்து, சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, காலை வெயில் எங்கே விழுகிறது, மதியத்தில் எதிர்க் கட்டடத்தின் நிழல் எதுவரை வருகிறது, படிக்க வருகிறவர்கள் எந்த வழியாக நுழைந்து எந்தப் பெஞ்சுக்குப் போகிறார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அண்ணன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அண்ணி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். காலித் தட்டு காய்ந்துகொண்டிருந்தது, இருவருக்கும் நினைவில்லை.

"ஜன்னலுக்குத் திரை போட்டிருக்காங்களா?" என்றார் கடைசியில்.

அண்ணன் யோசித்தார். "அதைப் பார்க்கல."

"நாளைக்குப் போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அண்ணி அவருக்குப் பரிமாறினார்.